செத்தல் மிளகாய் விளக்கு

இப்போது எங்களுக்கு முற்றம் இல்லை. நாலாம் மாடியில் இரண்டு கதிரை போடக்கூடிய ஒரு பல்கனி இருக்கிறது, அவ்வளவுதான். டிசம்பர் பிறந்தவுடன் எதிர்க் கட்டடத்துப் பல்கனிகளில் மின்சார மான்கள் எரியத் தொடங்கிவிடும். கடையில் வாங்கி வயரைச் செருகினால் வேலை முடிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மான்களைப் பார்க்கும்போதெல்லாம் லோறென்ஸ்கூக் வீட்டு முற்றமும் அங்கே நாங்கள் கழித்த முதல் பனிக்காலமும் ஞாபகம் வரும். அந்தப் பனிக்காலம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அதுவரை நோர்வேயில், ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் அடுக்குமாடி வீடொன்றில் இருந்தோம். மேலே தமிழர், கீழே தமிழர். படியேறி வரும்போதே யார் வீட்டில் என்ன கறி என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். எனக்கு மண்ணில் கால் வைக்கிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று ஆசை. நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் தொடர்வீடு ஒன்று, முன்னால் ஒரு துண்டு முற்றத்தோடு விலைக்கு வந்தது. வாங்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இவர் அரைமனதோடுதான் கையெழுத்துப் போட்டார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அரைமனதுக்குக் காரணம் லண்டன். அந்த நாட்களில் ஒஸ்லோத் தமிழரிடையே லண்டன் காய்ச்சல் பரவியிருந்தது. எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு குடும்பம் அங்கே வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு ஆங்கிலம், தெருவுக்குத் தெரு தமிழ்க்கடை, நினைத்த நேரம் கோயில். இவருடைய தமையன் முன்னமே அங்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் வந்து, “இருட்டுக்கையும் பனிக்கையும் கிடந்து என்ன செய்யிறியள்?” என்று கேட்பார். இவர் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். இருட்டில் போய் இருட்டில் வருகிற மனிதர். அந்தக் கேள்வி அவர் மனதில் ஊறிப்போய்விட்டது.

வீட்டுத் திறப்புக் கொத்தைக் கையில் வாங்கிய அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார்.

“இஞ்சரும், ஒரு விண்டர் இருந்து பாப்பம். சரிவராட்டி வித்துப்போட்டு லண்டனுக்குப் போறதுதான். பேந்து நீர் ஒண்டும் கதைக்கக் கூடாது.”

“ஓம், பாப்பம்,” என்றேன். வேறு என்ன சொல்ல?

எனக்கு லண்டன் வேண்டாம். உள்ளதைச் சொன்னால் பயம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கடையில் பால் எது, தயிர் எது என்று தெரியாமல் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து வாங்கினவள் நான். விழுந்தெழும்பி மொழி படித்து, ஒரு சிறுவர் பள்ளியில் வேலை எடுத்து, நோர்வேஜியப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற அளவுக்கு வந்திருந்தேன். மறுபடியும் ஒரு நாட்டில் போய் ஊமையாக நிற்க என்னால் முடியாது. அதனால் அந்த ஒரு பனிக்காலம் எப்படியாவது நன்றாக அமையவேண்டும் என்று மனதுக்குள் கட்டிக்கொண்டேன். முற்றம் வடிவாக இருந்தால் இவர் மனம் மாறும் என்பது என் கணக்கு.

இலையுதிர்காலத்தில் முதல் வேலையாக முற்றத்தில் இறங்கினேன். யாழ்ப்பாணத்தாளுக்கு வடிவான முற்றம் என்றால் கூட்டின முற்றம். ஒரு சருகு கிடக்கக் கூடாது, விளக்குமாற்றுக் கோடு மண்ணில் தெரியவேண்டும். எங்களுக்கு முன்னர் அந்த வீட்டில் இருந்தவர்களோ எதையுமே வெட்டாமல் போயிருந்தார்கள். வேலியோரம் ஹோர்டென்சியாப் பற்றை, தலை நிறையக் காய்ந்த பூவோடு நின்றது. அதற்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு வைக்கோல் நிறப் புல். ரோசாச் செடியில் பூவெல்லாம் போய்ச் சிவப்புக் காய்கள். வாசலில் காய்ந்த பூவை வைத்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் மூதேவிதான் வருவாள். பெரிய கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் அடியோடு வெட்டி, மூட்டை கட்டி, ஒஸ்லோவில் கிறன்லாண்ட் பகுதித் தமிழ்க்கடையில் வாங்கி வந்த ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினேன்.

பக்கத்து வீட்டில் என் வயதில் ஒரு நோர்வேஜியப் பெண் இருந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு கொழுத்த நாய் அவளுக்குத் துணை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“எல்லாவற்றையும் ஏன் வெட்டுகிறாய்?” என்று கேட்டாள்.

“துப்புரவு,” என்றேன், பெரிய பெருமையோடு.

“பனிக்கு விடமாட்டாயா?”

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவளுடைய முற்றத்திலும் அதே காய்ந்த குப்பைதான் நின்றது. வெட்டப் பஞ்சிப்பட்டுக்கொண்டு கதை விடுகிறாள் என்று நினைத்து, சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

நவம்பர் வந்தபோது விளங்கியது. ஒஸ்லோப் பக்கத்து நவம்பரைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். வெயிலும் இல்லை, பனியும் இல்லை, வேலை முடிந்து வரும்போது வெளிச்சமும் இல்லை. ஒருநாள் காலை உறைபனி விழுந்திருந்தது. யன்னலால் பார்த்தேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் அந்தக் காய்ந்த ஹோர்டென்சியாப் பூக்கள் சீனி தூவின பலகாரம் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றன. புல்லின் ஒவ்வொரு நுனியிலும் வெள்ளை. ரோசாக் காய்களில் குருவிகள். வாசலில் பெரிய சாடி வைத்து ஊசியிலைக் கிளைகளைச் செருகியிருந்தாள். தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டு முன்னால் மட்டும் கறுத்த மண்ணும், வெட்டின கட்டைகளும்.

அட கடவுளே! ஆசையோடு கழுவித் துடைத்து, முற்றத்தை மொட்டையடித்து வைத்திருந்தேன்.

இவர் அன்று வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“உம்மட முத்தத்தைப் பாத்தனீரே? சுடலை மாதிரிக் கிடக்கு.”

“விளக்கு வைக்கிற நேரத்திலை வாயிலை நல்ல சொல்லே வராதோ உங்களுக்கு?”

“உள்ளதைத்தானே சொன்னனான். அண்ணை நியூ இயருக்கு வாறாராம். வந்து பாக்கட்டும்.”

எனக்கு வந்த கோபத்தில் கறிச் சட்டியை அடுப்பில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டு நாயைக் குரைக்கவைத்தது. குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். முற்றத்துக்காக அழவில்லை. தமையன் வந்து பார்த்துவிட்டுப் போனால் கதை முடிந்தது என்று தெரிந்ததால் அழுதேன். வெட்டினதை ஒட்டவா முடியும்? அண்ணர் வருவதற்குள் அந்த முற்றத்தை வேறு எப்படியாவது வடிவாக்க வேண்டும்.

விளக்கீட்டுக்கு முதல் நாள் பனி கொட்டியது. கார்த்திகை விளக்கீடு எங்கள் ஆட்களுக்கு முக்கியமான நாள், முற்றமெல்லாம் விளக்கு வைப்போம். பியோர்ண்டாலில் ஏது முற்றம், பல்கனியில் ஒரு விளக்கோடு சரி. இப்போதுதான் இடம் இருக்கிறதே! இருந்த கவலையெல்லாம் பறந்துபோனது. விளக்கீட்டன்று வேலையால் ஓடிவந்து, பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அரிசிமாக் கிண்ணத்தோடு முற்றத்தில் குந்தினேன். வாசலில் ஒரு பெரிய கோலம் போட்டு, அதைச் சுற்றி விளக்கு வைப்பதாகத் திட்டம்.

பாதிக் கோலம் போட்ட பிறகுதான் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைப் பனிமேல் வெள்ளை மா! ஊரில் பழகின கை தன்பாட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டது. குனிந்து குனிந்து தேடினாலும் என் கோலம் எனக்கே தெரியவில்லை.

விடுவேனா? உள்ளே போய் மஞ்சள்தூள் எடுத்து வந்து அதே கோட்டின்மேல் போட்டேன். ஈரத்தில் மஞ்சள் ஊறிப் பரவியது. சரி, போகட்டும் என்று சுட்டி விளக்குகளில் தேங்காயெண்ணெய் விட்டுக் கொண்டுவந்து வைத்தேன். திரி கொளுத்துவதற்குள் எண்ணெய் உறைந்து கட்டியாகிவிட்டது. கொளுத்தின ஒன்றிரண்டும் தங்கள் சூட்டுக்கே பனிக்குள் இறங்கிக் குழியில் மறைந்துபோயின.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி நாயைப் பிடித்துக்கொண்டு படலையடியில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“மன்னித்துக்கொள். இவன் உன் முற்றத்துக்குள் வந்துபோனது எனக்குத் தெரியாது,” என்றாள். அவள் கண் என் மஞ்சள் கோலத்தில் இருந்தது.

நாய் மூத்திரம் என்று நினைத்துவிட்டாள்! பாவம், அந்தப் பிராணி ஒன்றும் செய்யாமலே திட்டு வாங்கியிருக்கும். நான் நடந்ததைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எனக்கும்தான். இவர் கதவைத் திறந்து என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன்.

“உமக்கென்ன விசரே?” என்றவர், வாசற்படியில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு இவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விளக்கீடு பாழாய்ப் போனாலும் அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பு தந்தது.

மறுநாள் சிறுவர் பள்ளியில் பிள்ளைகளோடு ஐஸ் விளக்குச் செய்துகொண்டிருந்தோம். வாளியில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் சின்ன வாளியொன்றைக் கல் வைத்து அமர்த்தி, இரண்டுக்கும் நடுவில் இலையும் பழமும் போட்டு வெளியே வைத்துவிடுவோம். விடிய உறைந்துவிடும். வாளிகளைக் கழற்றினால் ஐஸில் ஒரு பானை, உள்ளே மெழுகுதிரி வைக்கலாம். ஒவ்வொரு வருடமும் செய்கிற வேலை. அன்றைக்குத்தான், இதை ஏன் வீட்டில் செய்யவில்லை என்று எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் போடுவதற்கு இலையேது, பழமேது? எல்லாவற்றையும்தான் மூட்டை கட்டிவிட்டேனே. முற்றத்து மூலையில் வெட்ட எட்டாமல் தப்பி நின்ற ஒரு மரத்தின் சிவப்புப் பழங்களைக் குருவிகள் முடித்துவிட்டன. குசினி அலுமாரியைத் திறந்து பார்த்தேன். செத்தல் மிளகாய்ப் பை இருந்தது. நன்றாகக் காய்ந்த நீட்டு மிளகாய், இரத்தச் சிவப்பு. குளிர்பெட்டியில் கறிவேப்பிலை. கறுவாப்பட்டையும் இருந்தது. வீட்டில் ஒரு வாளிதான். மிச்சத்துக்குச் சோற்றுப் பானை, புட்டுப் பானை, பால் காய்ச்சுகிற சட்டி என்று ஒன்றும் விடாமல் முற்றத்துக்குக் கொண்டுபோனேன். காலையில் தேத்தண்ணிக்குச் சட்டி இல்லாமல் இவர் முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று பின்னேரம், இருட்டின பிறகு, பானைகளுக்கு வெளியே வெந்நீர் ஊற்றி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்று வெடித்துப்போனது. மற்றவை வந்தன. படலையிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் வைத்து மெழுகுதிரி கொளுத்தினேன். செத்தல் மிளகாய் ஐஸுக்குள் அப்படியே சிவந்து எரிந்தது. கறிவேப்பிலை நரம்பு நரம்பாகத் தெரிந்தது. வெட்டிப்போட்ட கட்டைகளையெல்லாம் பனி மூடியிருந்தது. எவ்வளவு வடிவு! நான் செய்ததை நானே பார்த்து வாய் திறந்துபோய் நின்றேன்.

இவர் பஸ்ஸால் இறங்கி வந்தவர், படலையடியில் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார்.

“உதுக்குள்ளை என்ன, செத்தல் மிளகாயே?”

“ஓம்.”

“கறிக்கு வைச்சிருந்ததோ?”

“ஓம்.”

ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். இவரோ ஒரு விளக்கைக் காலால் மெல்லத் தள்ளி, வரிசைக்குக் கொண்டுவந்தார். “இது கோணலாக் கிடந்தது,” என்றார். உள்ளே போகும்போது, “வாளி சின்னன். பெரிசெண்டால் இன்னும் எடுப்பா இருக்கும்,” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வரும், ஏக்கமும் வரும். இவர் வேலைக்குப் போக முதல் யன்னலுக்கு வெளியே தொங்கின வெப்பமானியைப் பார்ப்பார். வந்ததும் தொலைக்காட்சியில் எழுத்தாக ஓடுகிற காலநிலையைப் பார்ப்பார். “மைனஸ் நிக்குது, பயமில்லை” என்பார். மெழுகுதிரி முடிந்தால் நான் சொல்லாமலே வாங்கி வருவார். குளிரில் நாங்கள் இரண்டு பேரும் கைகளை ஊதி ஊதித் திரி கொளுத்தின அந்தப் பின்னேரங்கள் மாதிரி எங்கள் வாழ்க்கையில் பிறகு எத்தனை வந்தன? ஆனால் லண்டன் என்ற சொல்லை இவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அண்ணர் வந்து ஒருமுறை இதைப் பார்க்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.

அண்ணர் வருவதற்கு முதல்நாள் மழை பெய்தது. பனிக்காலத்தில் மழை! வெப்பமானி ஏறிக்கொண்டே போனது. இவர் யன்னலடியில் நின்று, “ச்சே, ச்சே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்தபோது விளக்கு ஒன்றும் இல்லை. பனியும் கரைந்து, நான் வெட்டின கட்டைகள் திரும்பவும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. நடைபாதை நெடுகச் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் சிதறிக் கிடந்தன. அள்ளுவதற்குள் டாக்ஸி வந்துவிட்டது.

அண்ணர் இறங்கி, காலை எட்டி எட்டி வைத்து வந்தார்.

“என்னடா தம்பி, முத்தமெல்லாம் செத்தல் மிளகாய்? ஆருக்கும் நாவூறு கழிச்சனீங்களோ?”

“இல்லை அண்ணை, விளக்கு,” என்றார் இவர்.

“விளக்கோ? எங்கை?”

“ஐஸிலை செய்தது. நேற்று வந்திருந்தியளெண்டால் பாத்திருப்பியள்.”

இவர் குரலில் ஒரு ரோசம் இருந்தது. நான் கவனித்தேன். ஆனால் அண்ணர் விடவில்லை. இருந்த நாள் முழுக்க யன்னலால் பார்த்துப் பார்த்து, “மத்தியானமே விளக்குப் போடுற நாடு, லண்டனிலை இந்த நேரம் புல்லுப் பச்சையா நிக்கும்,” என்றார். இவருக்கு வேலை பார்த்துவைத்திருக்கிறேன் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டினார்.

பனிக்காலம் முடிந்தது. நான் வாய் திறக்கவில்லை. கதைக்கக் கூடாது என்பதுதானே பேச்சு. வெட்டின கோபத்தை மனதில் வைக்காமல் ஹோர்டென்சியா அடியிலிருந்து துளிர்த்து, ஆடி ஆவணியில் குலை குலையாகப் பூத்தது. கோடை விடுமுறைக்கு இவர் மட்டும் லண்டன் போய்வந்தார். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இலை பழுக்கத் தொடங்கின நேரம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“வீடு விக்கிற தரகரை வரச் சொல்லியிருக்கிறன். திங்கக்கிழமை படம் எடுக்க வாறாராம்.”

“சரி,” என்றேன். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை முற்றத்தில் இறங்கினேன். தரகர் படமெடுக்க வந்தால் முற்றம் துப்புரவாக இருக்கவேண்டுமே. ஹோர்டென்சியாப் பூக்கள் காய்ந்து மண்நிறமாகத் தலை கவிழ்ந்து நின்றன. போன வருடம் மூதேவி என்று வெட்டின அதே பூக்கள். இந்த வருடம் அவற்றைத் தொடவே மனம் வரவில்லை. ஆனாலும் என்ன, பனி விழும்போது இந்த யன்னலடியில் யாரோ நிற்கப்போகிறார்கள். கத்தரிக்கோலை எடுத்து முதல் தண்டில் வைத்தேன். கண்ணீர் வழிந்து ஒன்றும் தெரியவில்லை.

“இஞ்சரும்! என்ன செய்யிறீர்?”

இவர் படலையடியில் நின்றார். கடைக்குப் போனவர். இரண்டு கையிலும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கின புது வாளிகள். பெரிய வாளிகள்.

“தரகர் வாறாரெல்லோ? துப்புரவாக்கிறன்,” என்றேன்.

“அவரை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.” வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து, கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கினார். “அதை வெட்டாதையும். பனிக்கு நிக்கட்டும்.”

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்காமல் வாளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, படலையிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். ஒன்று கோணலாக இருந்தது போல, காலால் தள்ளி வரிசைக்குக் கொண்டுவந்தார்.

“வீட்டிலை செத்தல் மிளகாய் காணுமோ?” என்று கேட்டார்.